மூன்றடி அதிகமாகிப்போன திமிங்கிலம்

டாக்டருக்குச் சேகரிக்கிற பைத்தியம். வண்டு, சிப்பி, பறவை முட்டை என்று வீடு முழுக்க அலமாரிகள். ஊறுகாய் ஜாடி என்று நினைத்துத் திறந்தால் உள்ளே பாம்பு சுருண்டிருக்கும். கூடவே குடியிருந்த அவருடைய அக்காவுக்கு அலுத்துப்போயிற்று.

"ஒண்ணு இதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அக்கா ஒற்றைக்காலில் நின்ற பிறகுதான் டாக்டர் நகரசபைக்கு நடையாய் நடந்து, காலியாகக் கிடந்த ஒரு பழைய கிடங்கைக் கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் அங்கே வைத்தால் ஊரே வந்து பார்க்கலாமே!

அந்த வாரமே ஒரு திமிங்கிலம் செத்துக் கரை ஒதுங்கியது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மீனவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி அதை மணலில் புதைத்தார். சதை மட்கிப்போக ஒன்றரை வருஷம் ஆயிற்று. தோண்டியெடுத்த எலும்புகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதினார். கூரையிலிருந்து தொங்கவிடுவதற்காகத் தச்சர் அவற்றைக் கிடங்குத் தரையில் வரிசையாகப் பரப்பினார். அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. கூடம் நாற்பதடி, திமிங்கிலம் நாற்பத்து மூன்றடி.

"வால்ல கொஞ்சம் எலும்ப விட்டுடலாமே, யாரு எண்ணப் போறாங்க?" என்றார் தச்சர்.

"நான் எண்ணுவேனே!" டாக்டருக்கு அழுகை முட்டியது.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா, இருவர் முகத்தையும் பார்த்து விஷயத்தைக் கேட்டாள்.

"ஏன்டா, மழைக்காலத்துல வீட்டுக்குள்ள துணிக்கொடி எப்படிக் கட்டுறேன்? மூலைக்கு மூலை கட்டுனா நாலு துணி கூடக் காயுதுல்ல?"

தச்சர் அளவுக்கயிற்றோடு ஓடினார். மூலைக்கு மூலை ஐம்பதடி! டாக்டர் அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"விடுடா, சாப்பாடு கொட்டிடும்!"

திறப்பு நாளில் கூட்டம் நெட்டித் தள்ளியது. புதைக்க உதவிய மீனவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்: "இது துடுப்பு இல்லீங்க, கை! விரலெல்லாம் இருக்கு பாருங்க!"

"ஆமாம்மா. குட்டிக்குப் பால் கூடக் குடுக்கும்" என்றார் டாக்டர்.

"அட, அப்ப நமக்குச் சொந்தம்தான்!"

கூடமே சிரித்தது. ஒவ்வொருவராகக் கையைத் தூக்கித் தங்கள் விரலையும் மேலே தொங்கும் விரலையும் மாறிமாறிப் பார்த்தார்கள். வாசலிலிருந்து அக்காவின் அதட்டல் கேட்டது:

"பாத்தவங்க கொஞ்சம் நகருங்க! வெளிய நிக்கிறவங்களும் நம்ம திமிங்கிலத்தப் பாக்கணும்ல?"