கேட்காமல் விட்ட ஒருத்தி

சுந்தரராஜன் சிவகௌரியைப் பெண் கேட்ட விஷயம் ஜெர்மனியின் பான் நகரத்துத் தமிழர்களுக்கெல்லாம் தெரிந்து, பழசாகி, வேறு கதையும் வந்துவிட்ட பிறகுதான் சிவகௌரிக்குத் தெரிந்தது. அதுவும் கறிக்கு முட்டைக்கோவா வெட்டிக்கொண்டிருந்தபோது.

"கொஞ்சம் மெல்லிசா வெட்டும்" என்றாள் அண்ணன் மனைவி கலாதேவி. "அது சரி, அந்த இந்தியாக்காரர் உம்மைக் கேட்டவராம். உம்மட அண்ணை ஏலாது எண்டு சொல்லிப்போட்டார்."

இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்பதுபோல அவள் அதைச் சொன்னாள். சிவகௌரி மெல்லிசாகவே வெட்டி முடித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அண்ணன் இராசலிங்கம் மறுத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. அது 1988. யாழ்ப்பாணத்தில் தெருவுக்குத் தெரு இந்திய இராணுவம் நின்றது. அதற்கும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து படிக்க வந்த சுந்தரராஜனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அண்ணனிடம் பதில் இருந்திராது. கேட்கத்தான் ஆளில்லை. போதாக்குறைக்கு லண்டனில் ஒரு பொறியியலாளர் இருந்தார். சொந்த வீடு, நல்ல வேலை, படத்திலும் பழுது சொல்ல முடியாத முகம். அவருடைய வீட்டாருக்கு வரும் ஞாயிறு பின்னேரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

சுந்தரராஜனிடம் இருந்தது ஒரு உதவித்தொகையும், ஒரு சைக்கிளும், முடியவே முடியாத ஓர் ஆராய்ச்சியும். நாற்பது வருஷத்துக்கு முந்திய அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் கருத்துக்கணிப்புகள் எல்லாம் எப்படித் தவறிப்போயின என்பதுதான் ஆராய்ச்சி. "ஆரோ பிழையாப் பாத்த கணக்கை இவர் இப்ப திருத்தி ஆருக்கு என்ன" என்பார் அண்ணன். ஆனாலும் ஆளைப் பிடிக்கும். ஊர்ச்சனத்துக்கு அகதி விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க சுந்தரராஜன் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவார். முதியோர் இல்லத்தில் தாதிமைப் பயிற்சியில் இருந்த சிவகௌரிக்கு அவரைவிட நன்றாக ஜெர்மன் வரும். அவளும் அகராதியோடு மேசைக்கு வந்துவிடுவாள்.

ஒரு வருஷம் அவர்கள் பேசியதெல்லாம் பிறந்த திகதி, பிறந்த இடம், வந்த வழி. மற்றவர்களுடைய திகதியும் வழியும். இதையே பேசிக்கொண்டிருந்து இரண்டு பேருக்கு அன்பு வருமா என்றால், வரும். ஒரு சனிக்கிழமை, விதவைப் பெண்ணொருத்தியின் விண்ணப்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்ற இடம் வந்தது. "பெத்தது மூண்டு. இருக்கிறதையோ கேக்கிறியள்?" என்றாள் அவள். சுந்தரராஜன் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய், நடையில் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அன்றைக்குத்தான் சிவகௌரியின் மனசு அவரிடம் போனது. பிறகு திரும்பி வரவில்லை.

அண்ணன் மறுத்ததும் அந்த மனிதர் என்ன செய்தார்? கணக்குப் படித்தவர் அல்லவா, ஊரிலே அபிப்பிராயம் கேட்கப் புறப்பட்டுவிட்டார். சங்கத் தலைவர் ஞானப்பிரகாசத்தைக் கேட்டார். மரக்கறிக் கடைக்காரரைக் கேட்டார். கலாதேவியையே கேட்டார். பதினொரு பேரைக் கேட்டு, பதினொரு பேரும் சரிவராது என்று சொல்ல, சனிக்கிழமை வருவதையும் நிறுத்திவிட்டார். படிப்பு ஆளை இந்த அளவுக்கு முட்டாளாக்கும் என்று சிவகௌரி நினைத்திருக்கவில்லை.

அந்த ஞாயிறு தமிழர் சங்கத்தின் மாதக் கூட்டம். தேவாலயம் ஒன்றின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்த வாரம்தான் அமெரிக்காவில் தேர்தல் முடிந்து, கோடையில் வெகுதூரம் பின்தங்கி நின்றவர் வென்றிருந்தார். எல்லார் வாயிலும் அதே பேச்சு. ஞானப்பிரகாசம் சுந்தரராஜனை முன்னுக்கு இழுத்துவந்து நிறுத்தி, "உம்மட தேர்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும்" என்றார்.

சுந்தரராஜன் சொன்னார். முதலில் தயங்கி, பிறகு தன்னை மறந்து. அப்போது ஜனாதிபதியாக இருந்த ட்ரூமன் தோற்பார் என்று பத்திரிகைகள் சொன்னதை, சொந்தக் கட்சிக்காரர்களே கைவிட்டதை, மனிதர் ரயிலேறி ஊர் ஊராகப் போய்ப் பின்பெட்டியில் நின்று பேசியதைச் சொன்னார். எதிராளி டூயி வென்றுவிட்டார் என்று ஒரு பத்திரிகை அவசரப்பட்டு அச்சடித்ததையும், வென்ற ட்ரூமன் அதைக் கையில் தூக்கிப் பிடித்துச் சிரித்ததையும் சொன்னபோது மண்டபமே சிரித்தது. தோற்றுப் பழகிய சனத்துக்கு அந்தக் கதை இனித்தது.

"அப்ப ஏன் தம்பி எல்லாருக்கும் பிழைச்சது?" என்று ஞானப்பிரகாசம் கேட்டார்.

"பல காரணம் இருக்கு சார். முக்கியமானது, ரொம்ப சீக்கிரமா கேக்கறத நிறுத்திட்டாங்க. ரிசல்ட்தான் தெரிஞ்சுபோச்சே, இனிமே கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டாங்க. அதுக்கப்புறம்தான் நிறைய பேர் முடிவு பண்ணியிருக்காங்க. அவங்ககிட்ட யாருமே போகல."

தேநீர் மேசையிலிருந்து சிவகௌரி கேட்டாள்: "நீங்கள் எண்டால் போயிருப்பியளோ?"

"கட்டாயம் போயிருப்பேங்க. ஓட்டுப் போடறவங்களையே கேக்காம எப்படி…"

அவ்வளவுதான். வாய் திறந்தபடி நின்றுவிட்டது. முகம் காதுவரை சிவந்தது. அவர் அபிப்பிராயம் கேட்ட பதினொரு பேரும் தத்தம் தேநீர்க் கோப்பையை வெகு கவனமாகப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் சிரித்தாள். இராசலிங்கம் எழுந்து குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். தெருமுனையில் தொலைபேசிக் கூண்டு இருந்தது.

சிவகௌரி பின்னாலேயே ஓடினாள். குளிர்ச்சட்டை எடுக்கக்கூட நிற்கவில்லை.

"அண்ணை, லண்டனுக்கு என்ன சொல்லப் போறியள்?"

"ஓம் எண்டுதான். நல்ல இடம், பிள்ளை."

"நல்ல இடமாத்தான் இருக்கும். நான் அதைச் சொல்லேல்லை." குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு அவள் தொடர்ந்தாள். "இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு எல்லாரும் என்னைக் கேட்டவை, எங்கையிருந்து வந்தனீ, எந்த வழியாலை வந்தனீ எண்டு. எனக்கு என்ன வேணும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை."

இராசலிங்கம் கூண்டின் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அவளைப் பார்க்காமல் பேசினார்.

"ஞானப்பிரகாசத்தை அண்ணை எண்டுறாய். மரக்கறிக் கடைக்காரனை அண்ணை எண்டுறாய். அவரை மட்டும் நீ ஒருநாளும் அண்ணை எண்டு கூப்பிடேல்லை. எனக்கு அது போன வருஷமே விளங்கிட்டுது."

சிவகௌரி சுற்றிவந்து அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"விளங்கித்தான் கேக்காமல் விட்டனான். கேட்டால் நீ ஓம் எண்டு சொல்லுவாய். பிறகு நான் எப்பிடி ஏலாது எண்டுறது? படிப்பு முடிய அவர் இந்தியாவுக்குப் போயிடுவார். நீயும் போயிடுவாய். லண்டன் எண்டால் எப்பவாவது வந்து பாக்கலாம். எனக்கு எண்டு மிஞ்சினது நீ ஒருத்திதானே."

அவர் இதுவரை இப்படிப் பேசியதில்லை. அவளுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போறதோ இருக்கிறதோ, அதையும் ரெண்டு பேரையும் இருத்திவைச்சுக் கேளுங்கோவன் அண்ணை. கேக்காமலே நான் போயிட்டன் எண்டு நீங்கள் ஏன் அழுறியள்?"

"நான் அழேல்லை" என்றார் இராசலிங்கம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டார். கூண்டின் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவர்கள் திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. சுந்தரராஜன் தனியாக, ஆட்கள் உட்கார்ந்திருந்த கதிரைகளை மடக்கிக்கொண்டிருந்தார். இராசலிங்கம் நேராக அவரிடம் போனார்.

"தம்பி, பதினொரு பேரைக் கேட்டனீராம். இவளையும் ஒருக்காக் கேளும்."

சொல்லிவிட்டு மண்டபத்தின் மறுகோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்.

அரைமணி நேரம் ஓயாமல் பேசிய மனிதருக்கு இப்போது நாக்கு எழவில்லை. மடக்கிய கதிரையை மார்போடு அணைத்தபடி நின்றார். சிவகௌரி உதவிக்குப் போகவில்லை. கேட்கட்டும், முழுசாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்க உங்களுக்கு இஷ்டமா?" என்றார் கடைசியில். "இல்லைன்னா இல்லைன்னே சொல்லலாம். யோசிச்சும் சொல்லலாம்."

யோசிக்க ஒன்றுமே இல்லை. இருந்தாலும் அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி தன் முன்னால், தனக்கென்றே, இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று ஆசையாக இருந்தது. மறுகோடியில் கதிரைச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணனும் காத்திருந்தார்.

"ஓம்" என்றாள் சிவகௌரி, இரண்டு பேருக்கும் கேட்கும்படியாக.