இரவல் கை

பஸ் ஓட்டுநருக்கு ரத்த அழுத்தம் இறங்காவிட்டால் வண்டியில் ஏற விடமாட்டார்கள். தினமும் காலையில் வீட்டிலேயே கருவியைக் கையில் கட்டி அளந்தால் போதும். எண் தானாகவே கிளினிக்குக்குப் போய்விடும், நர்ஸ் போனில் முகம் பார்த்துப் பேசுவாள். மூன்று நாளாக எண் இறங்குவேனா என்று அடம்பிடித்தது. நான்காம் நாள் அவர் பட்டையை மனைவியின் கையில் சுற்றினார்.

"என் கை எதுக்கு?"

"நீதான் நோய்நொடி இல்லாதவளாச்சே. ஒரு நிமிஷம் பேசாம உட்காரு."

"இதுக்குத்தான் கட்டிக்கிட்டீங்களாக்கும்."

சற்று நேரத்தில் போன் அடித்தது. நர்ஸ் சிரிக்கவில்லை.

"அண்ணே, நூத்தித் தொண்ணூறு காட்டுது. நேத்தைவிட அதிகம். தலை வலிக்குதா?"

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். மனைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகவே தேய்க்கிறாள். மூக்குக் கண்ணாடியை மாற்று என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

இன்னொரு தடவை அளக்கிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது வாய் வரை வந்தது.

"அது என் கை இல்லம்மா," என்றார். "என் வீட்டுக்காரியோட கை. என்னுது இன்னிக்கும் இறங்கியிருக்காது, எழுதிக்குங்க. முதல்ல இவளைப் பாருங்க."

போனை மனைவியின் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"ஐயோ, தலைகூட வாரலையே," என்றாள் அவள்.