கொசுறுக்கும் சேர்த்து ஒரு மேல்வரம்பு

கைக்குழந்தைகளுக்கான டப்பாப் பாலில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கலாம் என்பதை மறுபரிசீலனை செய்யும் வல்லுநர் குழுவில் ஒன்பது பேர். அவர்களில் பால் பவுடரைக் கையால் தொட்டவர் ஒருத்தர்தான் என்பது குழுச் செயலாளர் கிருஷ்ணப்பனின் கணிப்பு. அந்த ஒருத்தர் சுகிர்தம். திருவொற்றியூரில் உணவுப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறவள். குழுவிலேயே வயதில் சின்னவள், தொந்தரவில் பெரியவள்.

தலைவர் பேராசிரியர் பாரி. அவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். கடைசிக் கூட்டம் "மக்கள் மத்தியில்" நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ராயபுரத்தில் ஏ.சி. வைத்த ஒரு சின்ன ஹால் பிடித்தார்கள். மக்கள் என்று ஒருத்தி வந்திருந்தாள்: தண்டையார்ப்பேட்டை ஃபிர்தௌஸ், மடியில் மூன்று மாதக் குழந்தை மஹீன். பிரசவத்தில் அவள் உடம்பு ரொம்பவும் கெட்டுப்போனதால் டாக்டரே டப்பாப் பால் எழுதிக் கொடுத்திருந்தார்.

மிச்சமிருந்தது ஒரே விஷயம். புரதத்தின் மேல்வரம்பைக் குறைக்க வேண்டும் என்றாள் சுகிர்தம். இருப்பதே இருக்கட்டும் என்றார்கள் மற்றவர்கள். கம்பெனிகளின் ஆலோசகராக வந்திருந்த உறுப்பினருக்கு "அதிகப் புரதம்" என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போடும் உரிமை போய்விடுமே என்ற கவலை. எல்லோரும் ஒப்பினால்தான் எண் மாறும். இன்றைக்கு மாறாவிட்டால் பழைய எண்ணே இன்னும் பல வருஷம் ஓடும்.

"டப்பாவுல சொன்ன மாதிரி கலக்கினா இந்த வரம்பு சரி சார்," என்றாள் சுகிர்தம். "யாரும் அப்படிக் கலக்கறதில்ல. காய்காரம்மா கறிவேப்பிலை கொசுறு போடணும், மீன்காரம்மா ரெண்டு நெத்திலி சேர்த்துப் போடணும். தலைதட்டி அளந்து குடுக்கற கடைக்கு நம்ம ஊர்ல ரெண்டாந்தரம் போக மாட்டோம். அதே கைதான் குழந்தைக்கும் பவுடர் அள்ளுது. குவியலா ஒரு ஸ்பூன், மேல கொஞ்சம் கொசுறு. அந்தக் கொசுறுக்கும் சேர்த்து வரம்பு வைக்கணும். பிஞ்சுக் கிட்னி அவ்வளவு சுமை தாங்காது."

"தரம் என்பது விதியைப் பின்பற்றுபவருக்காக எழுதப்படுவது, அம்மணி," என்றார் பாரி.

"அந்த ஆளை ஒரு தடவை காட்டுங்க சார். கும்பிட்டுக்கறேன்."

"காட்டினால் போயிற்று." பாரி ஃபிர்தௌஸ் பக்கம் கையை நீட்டினார். "மகளே, நீ வீட்டில் கலக்குவது போலவே இங்கே கலக்கு."

கிருஷ்ணப்பனுக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. போன மாசம் சுகிர்தம் அவரையும் இழுத்துக்கொண்டு சந்து சந்தாகப் போயிருந்தாள். அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டே கூடப் போனார். இதே ஃபிர்தௌஸ் கோபுரம் மாதிரி ஸ்பூனைக் குவித்து, மேலே ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கியதை இருவரும் கண்ணால் பார்த்தார்கள்.

ஃபிர்தௌஸ் கை கழுவிவிட்டு வந்தாள். ஆற வைத்த வெந்நீரை அளவுக்கோடு வரை ஊற்றினாள். ஸ்பூனில் பவுடரை அள்ளி, டப்பா விளிம்பில் மட்டமாக வழித்துப் போட்டாள். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. குலுக்கிக் குழந்தை வாயில் வைத்தாள்.

"எப்போதும் இப்படித்தானா?" என்றார் பாரி.

"ஆமா சார்." அவள் நிமிரவில்லை.

ஆலோசகர் கைதட்டினார். பாரி புன்னகைத்தார். கிருஷ்ணப்பன் சுகிர்தத்தின் காதருகே குனிந்தார்.

"நாம ரெண்டு பேரும் பார்த்தோமேம்மா. சொல்லு. நான் சாட்சி."

"ஒம்போது பேர் முன்னால அந்தப் பொண்ணைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றீங்களா?"

"வரம்பு போயிடும்."

"தெரியும் சார்." சுகிர்தம் தன் குறிப்புகளை மூடி வைத்தாள். "புள்ளையை மடியில வெச்சிருக்கு. அதைத் தலைகுனிய வெச்சு எனக்கு ஒரு எண் வேணாம்."

முப்பது வருஷ உத்தியோகத்தில் கிருஷ்ணப்பன் பலவிதமான கொள்கைவாதிகளைப் பார்த்தவர். பெரும்பாலும் அடுத்தவர் செலவில் கொள்கை வளர்ப்பவர்கள். தன் கைப்பொருளைத் தானே இறக்கி வைப்பவளை இப்போதுதான் பார்க்கிறார். கூட்டக் குறிப்பில் இதை எழுத ஒரு பத்தியும் கிடையாது.

வெற்றி கண்ட பாரிக்குப் புகைப்பட ஆசை வந்தது. செய்திக் குறிப்புக்கு, தலைவரே பால் கலக்குவது போல ஒன்று. வேறொரு பாட்டில் வந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஸ்பூனை டப்பாவுக்குள் ஆழ இறக்கினார். அது குவிந்து வந்தது. கொஞ்சம் மேஜையில் சிந்தியது. மூன்று ஸ்பூனும் அதே தாராளம். கடைசியில் குழந்தையைப் பார்த்தார். அது பொக்கை வாயால் சிரித்தது. "பாவம், பூஞ்சையாக இருக்கிறான்" என்று சொல்லி, இன்னொரு அரை ஸ்பூனையும் தட்டிவிட்டார்.

ஃபிர்தௌஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"இன்னா சார், நீங்களும் என்னாட்டமே கீறீங்க. வூட்ல நானும் இப்டித்தான் போடுவேன். நீங்கல்லாம் பெரிய ஆளுங்க, திட்டுவீங்கன்னு இங்க வழிச்சுப் போட்டேன்."

பாரி கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தார். அவர் பேசாமல் நின்று கிருஷ்ணப்பன் பார்த்ததே இல்லை.

"ஆனால் சார், லேபிளில் தெளிவாக..." என்று ஆரம்பித்தார் ஆலோசகர்.

"லேபிளைத் திருத்தின கமிட்டிக்கும் நான்தான்யா தலைவர்," என்றார் பாரி. செந்தமிழ் எங்கோ கழன்று விழுந்திருந்தது. "எனக்கே கை நிக்கலை. குறைச்சிடுவோம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாருக்கும் இல்லை. ஆலோசகருக்குக்கூட இல்லை, அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆமோதித்தார். கையெழுத்துகள் விழுந்தன. அதற்குள் பாரி எழுந்து, மக்களின் பழக்கத்தைத் தாம் நெடுநாளாகக் கூர்ந்து கவனித்து வந்ததையும், அதன் விளைவே இந்தத் தீர்மானம் என்பதையும் விளக்கத் தொடங்கினார். குரல் பழைய உயரத்துக்குப் போய்விட்டது. கிருஷ்ணப்பன் கடமை தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

சுகிர்தம் அதைக் கேட்கவே இல்லை. தலைவர் கலக்கிய பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்துவிட்டு ஃபிர்தௌஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"திட்ட மாட்டேன். கெட்டியா கலக்கினா அதுல தண்ணி பத்தாது. புள்ளைக்குத் தாகம் எடுக்கும். அழும்."

"பசின்னு நெனச்சு இன்னும் கெட்டியா போடுவேன் மேடம்."

"அதான்."

ஃபிர்தௌஸ் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவினாள்.

"ராவெல்லாம் அதுக்குத்தான் அழுதுச்சா?"

"சில நாள் அதுக்காவும் இருக்கும். இனிமே இங்க போட்ட மாதிரியே வழிச்சுப் போடு. நல்லாத்தான் போட்ட."

கிருஷ்ணப்பன் பேனாவை மூடினார். தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.