செத்த சுறா நடந்த வழி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் படகு கரையிலேயே உளுத்துப்போகட்டும்.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, டோரஸ் நீரிணையில் எங்கள் தீவு. மறுநாள் டானுவின் செத்துப்போன மாமனாருக்குக் கல்லறைக்கல் திறக்கும் விருந்து. மீன் கொண்டுவர வேண்டியவன் மருமகன். வெறுங்கையோடு போனால் பெண்வீட்டார் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

நண்பகல். கடல் வற்றிப் பவளப்பாறை வெளியே தெரிந்தது. டானுவின் பாட்டன்கள் மீனை மறிக்கக் கட்டிய கல்சுவருக்குள் மடவை மீன்கள் துள்ளின. ஆனால் சுவரில் ஓர் உடைப்பு. நீர் ஏறினால் அத்தனையும் அதன்வழியே போய்விடும்.

கூடையோடு இறங்கியவன் நின்றுவிட்டான். காய்ந்த பள்ளத்தில் முழங்கை நீளத்தில் ஒரு சுறா. செவுள் அசையவில்லை. தோளில் வெள்ளை வளையமிட்ட கரும்பொட்டு மட்டும் கண்போல விழித்தது. டானு சுறாக் குலத்தான். செத்த சுறாவைக் கண்டால் துணி போர்த்தி, நீர் திரும்பும்வரை உட்கார்ந்து அழ வேண்டும்.

சட்டையைக் கழற்றிப் போர்த்தி அழுதான். மச்சான் கைமி வந்து பார்த்தான். அடுத்தவன் சுவருக்குள் அவன் கைவைக்க முடியாது. வாயை மட்டும் வைத்தான்.

“எங்கப்பாவுக்குக்கூட நீங்க இப்படி அழல மாப்ளே.”

“உங்கப்பா என் குலமில்லயே மச்சான்.”

நீர் திரும்பியது. மடவைகள் உடைப்பை நோக்கி நீந்தின. டானு இப்போது மீனுக்கும் சேர்த்து அழுதான்.

சட்டை அசைந்தது.

மூச்சுவிட நீரில்லாத அந்த நேரமெல்லாம், விளக்குத் திரியை இறக்குவதுபோல உயிரை இறக்கிவைத்துக் கிடந்திருக்கிறது அது. இப்போது துடுப்புகளைக் கைகால்போல ஊன்றி, முன்னிடது, பின்வலது என்று, காய்ந்த பாறைமேல் நடந்தது. சட்டையோடு நடந்தது. கடலுக்கும் தரைக்கும் நடுவே யாரும் போட்டுவைக்காத பாதையில், அவசரமே இல்லாமல். கைமி தொப்பியைக் கழற்றினான்.

நேரே உடைப்புக்குப் போனது. சட்டை இருபுறமும் பவளத்தில் மாட்டி வலைபோல விரிந்தது. சுறா சட்டையின் ஒரு கைவழியாக நழுவிக் கடலுக்குப் போயிற்று. மடவைகள் சட்டையில் முட்டித் திரும்பின.

டானு கூடை கூடையாக அள்ளினான்.

“மாப்ளே,” என்றான் கைமி மெதுவாக, “நாளைக்கு மீனக் குடுங்க. கதைய மட்டும் குடுக்காதீங்க.”

விருந்தில் மீன் மிஞ்சியது. சட்டையில்லாமல் வந்த மருமகனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று: டானுவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. என் படகும் கரையில்தான் கிடக்கிறது.