ஃபேன் சத்தமும் ஒரு இன்டர்வியூவும்

அந்த லேப்டாப் மிக்சி மாதிரி அலறுவது வீட்டில் அவனைத் தவிர எல்லாருக்கும் தொல்லை. "தொட்டா கை சுடுது. என்னைக்காவது வெடிக்கப் போகுது பாருங்க," என்பாள் மனைவி. அவள் தம்பி ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வந்து நிற்பான். "கொஞ்ச நேர வேலைதான் மாமா. ஃபேன்ல தூசி அடைச்சிருக்கு."

"இன்டர்வியூ முடியட்டும்டா," என்று அவன் பிடிவாதமாக மறுத்தான்.

காரணத்தைச் சொல்ல வெட்கம். அவனுக்குத் திக்குவாய். ஒரு கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் எப்படி ஏற வேண்டும், கழிவு எங்கே இறங்க வேண்டும் என்று படம் போடுவதில் ஆள் கில்லாடி. அதையே நாலு பேர் முன்னால் விளக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொள்ளும். போன வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பதில்களைச் சொல்லிப் பார்த்தபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஃபேன் அலறும்போது அவன் குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. கேட்காதபோது திக்கவும் இல்லை. லேப்டாப்பை ஆறவிட்டுப் பேசினான், திக்கியது. மறுபடி சூடேற்றினான், மடை திறந்த மாதிரி கொட்டியது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சிரிக்க மாட்டார்களா?

பழைய வேலையை விட்டு மாதக்கணக்காகிறது. இதையும் விட்டால் வேறு அழைப்பு இல்லை. வீடியோ இன்டர்வியூவின் பாதியில் லேப்டாப் சூடு தாங்காமல் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்டர்வியூ அன்று காலையில் அவன் குளித்துவிட்டு வந்தபோது மேஜை பளிச்சென்று இருந்தது. லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"தம்பி சுத்தம் பண்ணிட்டான். இனி நிம்மதியா பேசுங்க," என்றாள் மனைவி, முகமெல்லாம் சிரிப்பாக.

ஆசையாகச் செய்தவளை என்னவென்று திட்டுவது? அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

திரையில் ஒரு மேலாளர் அம்மாவும் கண்ணாடி போட்ட இன்ஜினியர் ஒருவரும் வந்தார்கள். "உங்களப் பத்திச் சொல்லுங்க," என்றார் அந்த அம்மா.

"ஒ... ஒரு நிமிஷம்," என்று எப்படியோ தள்ளிவிட்டு, லேப்டாப்பைத் திணறடிக்கும் பெரிய கட்டடப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். நாற்காலியில் கிடந்த துண்டைச் சுருட்டி, காற்று வெளியேறும் ஓட்டையில் வைத்து இடது கையால் அழுத்தினான். ஃபேன் முனகியது, இரைந்தது, பழையபடி அலறியது. உடனே அவனும் ஆரம்பித்தான். குழாய், சரிவு, அழுத்தம் என்று வெளுத்து வாங்கினான். துண்டைத் தாண்டி விரல்கள் சுட்டன. எப்போது அணையுமோ என்று திரையிலேயே கண்ணை வைத்திருந்தான். இன்ஜினியர் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார்.

"அருமை," என்றார் அந்த அம்மா. "ஆனா உங்க பக்கம் ஏதோ பயங்கர சத்தம். அதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

முடியாது என்று எப்படிச் சொல்வது? துண்டை எடுத்தான். படங்களை மூடினான். மச்சினன் வேலையில் சுத்தமானவன். சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது.

"இப்ப சொல்லுங்க. பழைய வேலையை ஏன் விட்டீங்க?"

கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தான். அதன் முதல் எழுத்திலேயே வாய் நின்றுவிட்டது. தாடை இறுகியது.

"வீடியோ அப்படியே நின்னுடுச்சு," என்றார் இன்ஜினியர். "லைன் கட்டாகுதுன்னு நினைக்கிறேன். வேணும்னா இன்னொரு நாள் வச்சுக்கலாமா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். சத்தத்தோடு இன்னொரு நாள் வரலாம். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு? ஒவ்வொரு கூட்டத்துக்கும் துண்டைத் தூக்கிக்கொண்டு போவதா? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"லை... லைன் நல்லாத்தான் இருக்கு சார். எனக்குத் தி... திக்கும். நான் போட்ட ப... படத்தை அங்க வேற ஒருத்தர்தான் விளக்குவாரு. அவர் தப்பா சொன்னாலும் எ... என்னால குறுக்க பேச முடியல. அதான் விட்டேன்."

அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன தப்பா சொன்னாரு?"

அவன் வாயைத் திறந்தான். முதல் வார்த்தை வர நெடுநேரம் ஆயிற்று. இருவரும் காத்திருந்தார்கள்.