சிவப்புப் பேனா அடித்த வரி

என் மாமியாராகப் போகிறவர் வட்டவளையில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர். சிவப்புப் பேனா இல்லாமல் வேதாகமத்தைக்கூடத் திறக்க மாட்டார். எங்கள் கல்யாணப் பாட்டிலும் அந்தப் பேனாதான் விளையாடியது.

வேதாகமத்துக் காதல் வரிகளுக்கு, நோர்வூட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் நிரஞ்சன் புதிதாக மெட்டுப்போட்ட பாட்டு அது. நான்கு குரலில் பாட வேண்டும். காதலியின் கூந்தலை வெள்ளாட்டு மந்தை என்கிறான் காதலன், பல்லைக் குளிப்பாட்டிய ஆடு என்கிறான். மார்பைப் பற்றிச் சொன்னதை நான் எழுத மாட்டேன், அந்த இடத்தில் போதகருக்கே இருமல் வந்துவிடும். அதையெல்லாம் அத்தை கண்டுகொள்ளவே இல்லை. அடித்தது ஒரே வரியை: நான் கறுப்பி, ஆனாலும் அழகி, தோட்டத்தில் நிற்க வைத்தார்கள், வெயில் என்னைச் சுட்டது.

"பொண்ணு கறுப்புன்னு நாமளே ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவள் நான். எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி எனக்கென்றே பாடி வைத்த வரி அது. சுமனிடம் போய்ச் சொன்னேன்.

"அம்மாகிட்ட நான் என்னத்த பேச, நிஷாந்தி?" என்று மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். ஒரு வரிக்கே வாய் திறக்காத ஆள், நாளைக்கு எனக்காக எதற்குத் திறக்கப் போகிறார்? கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நிரஞ்சன் பயந்துபோய் அந்த வரி இல்லாமல் புதுத் தாள் அச்சடித்தான். அத்தைக்குப் பரம திருப்தி.

கல்யாணத்தன்று அத்தை பிடித்த அலங்காரக்காரி என் முகத்தில் அரை அங்குலத்துக்கு மாவு அப்பியிருந்தாள். கழுத்து என்னுடையது, முகம் யாருடையதோ. பாட்டு தொடங்கியது. அந்த இடம் வந்ததும் நிரஞ்சனின் கீபோர்டு தாண்டிப் போனது. குழு போகவில்லை. எப்படிப் போகும்? எங்கள் ஆட்கள் எந்தக் காலத்தில் தாளைப் பார்த்துப் பாடினார்கள்? மூன்று மாதம் மலையில் கொழுந்து எடுத்தபடியே, செடி நிரைக்கு ஒரு குரலாகப் பிரிந்து நின்று பழகிய பாட்டு. தாளைச் சும்மா மரியாதைக்குப் பிடித்திருந்தார்கள். நாகலெட்சுமி இந்துப் பெண், மேல்குரலுக்கு ஆள் இல்லாமல் நாங்கள் இரவல் வாங்கியவள். அவள் கண்ணை மூடிக்கொண்டு "கறுப்பி" என்று கூரை அதிர எடுத்தாள். மொத்தக் குழுவும் பின்னாலேயே போனது.

அத்தை எழுந்துவிட்டார். "நிப்பாட்டச் சொல்லு, சுமன்!"

பாட்டு தானாகவே நின்றது. எல்லோரும் சுமனைப் பார்த்தார்கள். நானும்தான். அந்தக் குளிரிலும் மனுஷருக்கு வியர்த்துக் கொட்டியது. கோட்டுப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்தார். தன் முகத்தைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் கன்னத்து மாவைத் துடைத்தார்.

"என்னடா பண்ற?"

"நான் ஆசப்பட்டது இந்த மூஞ்சிக்குத்தாம்மா." குழுவின் பக்கம் திரும்பினார். "அந்த வரிய இன்னொரு தடவ பாடுங்க."

மற்றக் கன்னத்தை நானே துடைத்துக்கொண்டேன்.