காரணம்: குணமடைந்தார்

எழிலரசிக்கு உதவி செய்வதென்று கம்பெனி முடிவெடுத்த நாளில்தான் பிரச்சினை ஆரம்பித்தது.

அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மண்ணூரில் ஓர் ஒற்றை அறை வாடகை வீட்டில் மூன்று பேர் வாழ எவ்வளவு ஒழுங்கு வேண்டுமோ அவ்வளவு. தம்பி நிலவனுக்கு இருபத்தாறு வயது. இரண்டு வருடம் முன்பு தண்டலம் அருகே பைக்கிலிருந்து விழுந்தவன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும்.

கணவன் பிரசன்னாவுக்கு ஒரு கிடங்கில் பகல் வேலை. எழிலரசிக்கு ஒரகடத்தில், காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இரவு ஷிஃப்ட். காலை ஏழேகாலுக்கு அவள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது அந்த ஐந்து நிமிடம்தான். கடைசியாக எப்போது புரட்டியது, மூத்திரப் பை எப்போது மாற்றியது. அவ்வளவுதான் குடும்ப விஷயம். மற்றவர்களுக்கு வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். இவள் மட்டும் சூப்பர்வைசர் நெல்லையப்பனிடம் ஏழு மாதம் கெஞ்சி நிரந்தரமாக இரவு வாங்கியிருந்தாள். அது போனால் பகலில் நிலவனுக்கு ஆள் கிடையாது.

இந்த நேரத்தில்தான் கம்பெனி 'தாங்கும் தோள்கள்' என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. வேலையும் பார்த்து, வீட்டில் முடியாதவர்களையும் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு மாதம் மூவாயிரம். கேண்டீனில் பேனர் கட்டினார்கள். பேனரில் ஒரு வெள்ளைக்காரப் பெண், சக்கர நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரருக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

எழிலரசி விண்ணப்பம் போட்டாள். பத்தாம் நாள் உத்தரவு வந்தது. ஒன்றாம் தேதி முதல் மூவாயிரம். ஒன்றாம் தேதி முதல் பகல் ஷிஃப்ட்.

நேராக எச்.ஆர். சத்யப்பிரியாவிடம் போனாள்.

“மேடம், எனக்குப் பகல் போட்டுக்கீறாங்க.”

“ஆமா எழில், கங்கிராட்ஸ்! இந்த ஸ்கீம்ல இருக்கறவங்கள நைட் போடக் கூடாதுன்னு ரூல். நீங்க நைட் நல்லாத் தூங்கணும்ல?”

“நைட்டு எங்க வூட்டுக்காரர் பாத்துப்பாரு மேடம். பகல்லதான் ஆளில்ல. அதான் நான் நைட்டு வர்றேன்.”

“அப்ப நீங்க எப்பதான் தூங்குவீங்க?”

“நடுநடுவுல.”

சத்யப்பிரியா உண்மையிலேயே பதறினாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“இதுக்காகத்தான் எழில் இந்த ஸ்கீமே! பகல்ல ஒரு ஆள் வெச்சுக்கோங்க. அதுக்குத்தானே மூவாயிரம்?”

மூவாயிரத்துக்கு மாதம் முழுவதும் வந்து மூத்திரப் பை மாற்றும் ஆள் மண்ணூரில் இருந்தால், அவருக்குச் சிலையே வைக்க எழிலரசி தயார். போதாததற்கு, இரவு ஷிஃப்டுக்கான படி இரண்டாயிரத்து அறுநூறு பகலுக்கு வந்தால் நின்றுவிடும். ஆக, தாங்கும் தோள்கள் தாங்கப்போவது நானூறு ரூபாயை.

“பணமே வேணாம் மேடம். நைட்ட மட்டும் குடுத்துடுங்க.”

அதற்கும் படிவம் இருந்தது. திட்டத்திலிருந்து விலகக் காரணம் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள்: நோயாளி குணமடைந்தார். நோயாளி இறந்தார். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அதை நிலவனுக்குப் படித்துக்காட்டினாள்.

“செத்துட்டேன்னு போடுக்கா. சாவுன்னா மூணு நாள் லீவு தருவாங்க இல்ல? நீயும் தூங்கலாம்.”

“வாய மூடுறா. அதுக்குச் சாவு சர்டிபிகேட் கேக்குறாங்க.”

வாசலில் நின்ற பிரசன்னா, “காத்தாலயே இன்னாடா மச்சான் பேச்சு இது?” என்றான்.

“நீ கெளம்பு மாமா, பஸ்ஸு போய்டும். இது எங்க ஆபீஸ் மேட்டரு. அக்கா, குணமானதுக்கு இன்னா குடுக்கணும்?”

“ஒண்ணும் வேணாம். கையெழுத்து போட்டா போதும்.”

“பாத்தியா! டாக்டருங்க ரெண்டு வருசமா முடியாதுன்னானுங்க. ஒங்க கம்பெனி ஒரு பேனாவுல முடிச்சுட்டானுங்க.”

எழிலரசி முதல் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

இரவு ஷிஃப்ட் திரும்பி வந்தது. கூடவே நோட்டீஸ் போர்டில் அவள் புகைப்படமும் வந்தது. ‘தாங்கும் தோள்கள்: ஒரே மாதத்தில் முதல் வெற்றி! ஊழியரின் சகோதரர் பூரண குணம்.’ லைனில் எல்லோரும் ஸ்வீட் கேட்டார்கள். அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள். சத்யப்பிரியா கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். பணம் ஒரு மாதம்கூட வரவில்லை என்பது அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து நிலவனுக்கு மூத்திரப் பாதையில் கிருமி தொற்றிக் கடும் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரசன்னா இரவில் இருந்தான். பகலில் எழிலரசி நின்றாள். ஆஸ்பத்திரியில் நடுநடுவே தூங்க முடியாது, நாற்காலிகூடக் கிடையாது. மூன்றாம் நாள் சாயங்காலம் சுவரில் சாய்ந்தபடி நெல்லையப்பனுக்கு போன் போட்டாள்.

“சார், இன்னிக்கு ஒரு நைட்டு லீவு வேணும் சார். தம்பிய ஆஸ்பத்திரில வெச்சிருக்கோம், ஜொரம்.”

“எந்தத் தம்பி? போர்டுல போட்டிருந்தாங்கள்லா, அவனா?”

“ஆமா சார்.”

“அவம்தான் எந்திச்சு நடக்கான்லா! ஒரு காய்ச்சலுக்கு அக்கா எதுக்கும்மா பக்கத்துல? மாத்திரையப் போட்டுட்டு ஆட்டோவப் புடிச்சு வீட்டுக்குப் போவச் சொல்லு. லைன்ல ஆளே இல்ல. இப்பிடி லீவு போட்டேன்னா ஒன்னைய ஷிஃப்டு மாத்தத்தான் செய்யணும், பாத்துக்க.”

உண்மை வாய் வரை வந்தது. சொன்னால் கையெழுத்துப் பொய்யாகும். பொய்க்குக் கம்பெனியில் விசாரணை உண்டு. முதலில் போவது இரவு ஷிஃப்ட்.

“சரிங்க சார். வந்துடுறேன்.”

கட்டிலிலிருந்து நிலவன் கேட்டான். “இன்னாவாம்?”

“உன்ன நடந்து போயி ஆட்டோ புடிக்கச் சொல்றாரு.”

நிலவன் காய்ச்சல் கண்களோடு கொஞ்சம் யோசித்தான்.

“ஜொரத்தோட நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருன்னு சொல்ல வேண்டிதானே?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பிரசன்னா கிடங்கிலிருந்து நேராக வந்து சேர்ந்தான். எப்போது புரட்டியது என்று அவனிடம் சொல்லிவிட்டு, ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.